அம்மாவின் ஐபாட்டில் இருக்கும் வைத்தியர் யார்?

காலை ஆறு மணிக்கே வட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. "சீனி வருத்தக்காரர் கட்டாயம் பாருங்கோ", "ஆஸ்பத்திரிக்காரர் மறைக்கும் உண்மை", "இந்த ஒரு இலை போதும், குளிசையைத் தூக்கி எறியலாம்". ஊரில் இருக்கும் மாமி அனுப்புவார். அது பரிஸில் இருக்கும் சித்திக்குப் போகும். அங்கிருந்து ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு. மத்தியானத்துக்குள் அந்த ஒரே காணொளி மூன்று கண்டங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பம் முழுவதையும் சுற்றி வந்துவிடும். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் சிரித்துவிட்டு அழித்துவிடுவார்கள். மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் அந்த மற்றப் பாதியில் சிலர் உண்மையிலேயே குளிசையை நிறுத்துகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை, ஏச்சு விழும். குடும்ப வைத்தியருக்கும் சொல்வதில்லை, அவர் முகம் சுளிப்பார். மூன்று மாதத்துக்குப் பிறகு இரத்தப் பரிசோதனையில் சீனி ஏறி நிற்கும். கொடுத்த மருந்தை இவர் ஒழுங்காகக் குடித்தும் அது போதவில்லை என்றுதான் வைத்தியர் நினைப்பார். மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவார். பிறகு ஒருநாள் பயம் பிடித்து, கூட்டிய அளவு முழுவதையும் ஒரேயடியாகத் தொடங்கினால்? கிளிக்லசைட், இன்சுலின் போன்ற மருந்துகளில் அப்படிச் செய்தால் சீனி சட்டென்று கீழே விழும். வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும் நிலை அது. காணொளியைப் போட்டவருக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பது எந்த வைத்தியசாலைப் பதிவிலும் வரப்போவதில்லை.

இதற்கு நம் வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "உந்த யூரியூப்பைப் பாக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்றது?" என்ற அதட்டல்தான். அதனால் எதுவும் மாறவில்லை. பார்ப்பது நிற்கவில்லை, நமக்குச் சொல்வதுதான் நின்றுபோனது.

அவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். லண்டனில் ஒரு குடும்ப வைத்தியரைப் பார்க்கப் போனால் பத்து நிமிடம். அதற்குள் நோயைச் சொல்லி, பரிசோதித்து, மருந்து எழுதி முடிக்க வேண்டும். கனடாவில் குடும்ப வைத்தியரே இல்லாமல் வோக்-இன் கிளினிக்கில் வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர். சுவிஸிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் பிரச்சினை நேரம் மட்டுமல்ல, மொழி. முப்பது வருடம் உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் கழித்த ஒருவருக்கு வேலைத்தல டொச்சு நன்றாகத் தெரியும். ஆனால் "நெஞ்சுக்குள்ள என்னவோ பிசையிற மாதிரி", "உடம்பு உளையுது", "தலை கிறுகிறுக்குது, ஆனா சுத்தேல்லை" என்பதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது? மொழிபெயர்க்கப் பதினைந்து வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனால், அவனுக்கு முன்னால் சலம் போவதைப் பற்றியும் மாதவிடாய் நின்றதைப் பற்றியும் எப்படி வாய்திறப்பது? பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அந்த மனிதர் வீட்டுக்கு வந்து ஐபாட்டைத் திறந்தால், திரையில் ஒருவர் வெள்ளைக் கோட்டோடு இருந்து, "அம்மா, உங்களுக்கு இரவில் கால் எரிகிறதா?" என்று தமிழில் கேட்கிறார். அவசரம் இல்லை. இருபது நிமிடம் பேசுகிறார். புட்டைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிறார், முருங்கையிலை எப்படிச் சுண்டுவது என்று தெரிந்து வைத்திருக்கிறார். அவரை நம்பாமல் யாரை நம்புவது? அந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தன் மொழியில் தன்னை ஒரு மனிதராக மதித்துப் பேசுகிறவரை நம்புவது இயல்பு. நம் பெற்றோருக்கு அதை உண்மையான வைத்தியசாலை கொடுக்கவில்லை. விளம்பரக் காசுக்காக இயங்கும் ஒரு காணொளி கொடுத்தது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2020 டிசம்பரில் இலங்கையில் கேகாலைப் பக்கத்தில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைக் காய்ச்சி, அது கொரோனாவைத் தீர்க்கும் என்றார். காளியம்மன் சொல்லித் தந்த மருந்து என்றார். ஆயிரக்கணக்கானோர் தொற்றுக் காலத்திலும் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. நாட்டின் சுகாதார அமைச்சர் கமராவுக்கு முன்னால் குடிக்கும்போது, "நம்பாதே" என்று ஒரு சாதாரண அம்மாவிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா?

சரி, "இலைதானே, காய்தானே, கெடுதி செய்யாது" என்ற வாதத்துக்கு வருவோம். நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இதுதான். இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட மூன்று பொருட்களை எடுத்துப் பார்க்கலாம். மூன்றும் நம் குசினியில் இருப்பவை.

முதலாவது பிலிம்பிக்காய். ஊரில் அச்சாறு போடுவோம், மீன் குழம்புக்குப் போடுவோம். கேரளத்தில் இரும்பன்புளி என்பார்கள். கொலஸ்ரோலைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் இதன் சாற்றைப் பிழிந்து குடிக்கும் பழக்கம் அங்கே பரவியது. 2013இல் இந்தியச் சிறுநீரகவியல் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை, கேரளத்தின் ஐந்து வைத்தியசாலைகளில் இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து வந்த 10 பேரைப் பற்றிப் பதிவு செய்தது. அவர்களில் 7 பேருக்கு டயலிசிஸ் தேவைப்பட்டது. காரணம் மர்மமானது அல்ல. பிலிம்பிக்காயில் ஒக்சலேற் என்ற பொருள் மிக அதிகம். குழம்பில் இரண்டு காய் போட்டால் உடம்பு சமாளிக்கும். கிளாஸ் கணக்கில் பச்சையாகச் சாறாகக் குடித்தால் ஒக்சலேற் படிகங்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். அதே காய்தான், அதே மரந்தான். மாறியது அளவு.

இரண்டாவது மஞ்சள். இதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், மஞ்சள் நமக்குப் பண்பாடு. கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. குறை கப்சூலில் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் குடலில் இலகுவில் உறிஞ்சப்படாது. சாப்பிட்டதில் பெரும்பகுதி வெளியே போய்விடும். 1998இல் வெளியான ஒரு பெங்களூர் ஆய்வு, மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் மனிதருக்கு அது இரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு, 2000 சதவீதம் வரை, கூடுகிறது என்று காட்டியது. கப்சூல் கொம்பனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. இப்போது கடையில் விற்கும் பல மஞ்சள் கப்சூல்களில் செறிவூட்டிய குர்க்குமினும் மிளகுச் சாறும் சேர்ந்திருக்கின்றன. "நல்லா உறிஞ்சும்" என்பதை விளம்பரமாகவே போடுகிறார்கள். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் தயாரிப்புகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விபரத்தை 2022இல் வெளியிட்டது. ஐவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் ஈரல் செயலிழந்து இறந்தார். 2023இல் அவுஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. குடிக்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. உங்களிடம் அது இருக்கிறதா என்று காணொளிக்காரருக்குத் தெரியுமா?

மூன்றாவது கீரை. கீரையா? ஆம், கீரைதான். இதய வால்வு மாற்றியவர்கள், இரத்தம் உறையும் வருத்தம் உள்ளவர்கள் பலர் வார்ஃபரின் குடிக்கிறார்கள். விற்றமின் கே இரத்தத்தை உறையச் செய்ய உதவுகிறது. வார்ஃபரின் அதைத் தடுத்து வேலை செய்கிறது. வாரத்துக்கு இவ்வளவு என்று ஒழுங்காகக் கீரை சாப்பிடுகிறவருக்கு வைத்தியர் அதற்கேற்ற அளவில் மருந்தை வைத்திருப்பார். "ஒரு மண்டலம் தினமும் கீரைச்சாறு குடியுங்கள், இரத்தம் சுத்தமாகும்" என்று ஒரு காணொளி சொல்லி, நாளைக்கே ஒரு கிளாஸ் தொடங்கினால் மருந்தின் வேலை குறைந்து கட்டி உறையும் அபாயம் வரும். அதைக் கண்ட வைத்தியர் மருந்தைக் கூட்டியபின் இவர் சாற்றை நிறுத்தினால் இரத்தக்கசிவு அபாயம் வரும். கீரை நல்லது என்று அந்தக் காணொளி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கேட்டவர் யார், என்ன மருந்தில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னவுடன், சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. கைதடிக்குப் போய்ப் பயன்பெற்றவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பார்கள். ஒரு முறையான சித்த வைத்தியர் நாடி பார்ப்பார், வயதைக் கேட்பார், மலசலம் எப்படி என்று கேட்பார், பத்தியம் சொல்வார், மருந்தைக் கையில் தந்து எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்வார். இருபது இலட்சம் பேருக்கு ஒரே கசாயத்தை ஒரே அளவில் சொல்கிறவர் அந்தப் பரம்பரையில் எங்கே வருகிறார்? காணொளி வைத்தியத்தால் முதலில் அவமானப்படுவது சித்த மருத்துவந்தான்.

அடுத்த கேள்வி, யாரை நம்புவது? "டொக்டர் என்று போட்டிருக்கே" என்பார்கள். டொக்டர் என்ற சொல் இப்போது மலிந்து கிடக்கிறது. கலாநிதிப் பட்டம் பெற்றவரும் டொக்டர், காசு கொடுத்துக் கௌரவப் பட்டம் வாங்கியவரும் டொக்டர், பல் வைத்தியர் இருதயத்தைப் பற்றிப் பேசினாலும் டொக்டர்.

யூரியூப் நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்ய முயன்றது உண்மை. 2021இல் அமெரிக்காவில் தொடங்கி, 2023இல் பிரித்தானியாவிலும், நம்பகமான சுகாதார அமைப்புகளின் காணொளிகளுக்குக் கீழே ஓர் அடையாளக் குறிப்பைக் காட்டத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் என்எச்எஸ்ஸும் மருத்துவ ரோயல் கல்லூரிகளின் கூட்டமைப்பும் இதற்கான அளவுகோல்களில் பங்கெடுத்தன. உரிமம் உள்ள வைத்தியரும் தாதியும் தனியாகவும் விண்ணப்பிக்கலாம். நல்ல முயற்சி. ஆனால் அந்தக் குறிப்பு, பேசுகிறவருக்கு உரிமம் இருக்கிறது என்று மட்டுந்தான் சொல்கிறது, பேசுவது சரி என்று சொல்லவில்லை. உரிமம் இருந்தால் போதும் என்றால் அன்ட்ரூ வேக்ஃபீல்டுக்கும் உரிமம் இருந்தது. 1998இல் லான்செற் சஞ்சிகையில் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையால் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டவர் அவர். அந்தக் கட்டுரை மீளப்பெறப்பட்டு, அவர் பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது 2010இல். பன்னிரண்டு வருடம் எடுத்தது. அந்தப் பயம் இன்றும் நம் இளம் பெற்றோரின் குழுமங்களில் சுற்றுகிறது.

போதாக்குறைக்கு இப்போது முகமே பொய்யாகிவிட்டது. பிரித்தானியத் தொலைக்காட்சியில் பல வருடங்களாகத் தெரிந்த வைத்தியர்களான ஹிலரி ஜோன்ஸ், மைக்கல் மோஸ்லி, ரங்கன் சட்டர்ஜி ஆகியோரின் முகத்தையும் குரலையும் செயற்கையாக உருவாக்கி, பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து விற்கும் போலிக் காணொளிகள் பேஸ்புக்கில் ஓடுவதை 2024 ஜூலையில் பிஎம்ஜே சஞ்சிகை வெளிக்கொண்டு வந்தது. மோஸ்லி அதற்கு முதல் மாதந்தான் இறந்திருந்தார். ஆங்கிலத்தில் செய்த வேலையைத் தமிழில் செய்ய இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெரிய தடை ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் புகழ்பெற்ற ஒரு வைத்தியரின் முகம் நாளைக்கு உங்கள் அம்மாவிடம் எண்ணெய் விற்கலாம்.

ஆகவே முகத்தையும் கோட்டையும் விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். இது இரண்டு நிமிட வேலை, இலவசம். பிரித்தானியாவில் ஜிஎம்சி, ஒன்ராறியோவில் சிபிஎஸ்ஓ, அவுஸ்திரேலியாவில் ஆப்ரா, சுவிஸில் மெட்ரெக், நோர்வேயில் எச்பிஆர் பதிவு. எல்லாவற்றிலும் பெயரைப் போட்டுத் தேடலாம். இலங்கை மருத்துவ சபைக்கும் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் பதிவேடு உண்டு. ஒருவர் எந்தத் துறை நிபுணர் என்பதையும், பல இடங்களில் அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதையும் அங்கே பார்க்கலாம். இதோடு இன்னொரு எளிய சோதனையும் உண்டு. காணொளியின் கீழே அவர் ஏதாவது விற்கிறாரா? எண்ணெய், மாப்பொடி, கப்சூல், "கட்டணம் செலுத்தி ஆலோசனை பெற"? விற்கிறவர் எல்லோரும் பொய்யர் என்று இல்லை. ஆனால் உங்கள் குளிசையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் கப்சூலை வாங்கச் சொல்கிறவரைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை.

இந்தக் குப்பையைத் தளங்களே ஏன் அகற்றுவதில்லை? அகற்றுகிறோம் என்கிறார்கள். 2023 ஓகஸ்டில் யூரியூப் புற்றுநோய் பற்றிய பொய்களை நீக்கப்போவதாக அறிவித்தபோது, உள்ளி புற்றுநோயைக் குணமாக்கும் என்பதையும், கதிர்ச் சிகிச்சைக்குப் பதிலாக விற்றமின் சி எடுங்கள் என்பதையும் உதாரணமாகவே சொன்னது. கொள்கையில் குறை இல்லை. அதைத் தமிழில் யார் பார்க்கிறார்கள்? பேஸ்புக்கின் உள்விவகாரங்களை வெளியிட்ட பிரான்சிஸ் ஹோகன் 2021 ஒக்டோபரில் அமெரிக்க செனற்றில் சொன்ன ஒரு கணக்கு இந்த இடத்தில் உறைக்க வேண்டும். பொய்த்தகவலைத் தடுக்க அந்த நிறுவனம் செலவிடுவதில் 87 சதவீதம் ஆங்கிலத்துக்குப் போகிறது, ஆனால் பாவனையாளர்களில் 9 சதவீதம் பேரளவில்தான் ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்றார். மிச்ச 13 சதவீதத்தை உலகின் மற்ற எல்லா மொழிகளும் பங்கு போட வேண்டும், அதில் தமிழுக்கு வந்த துண்டு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 2025 ஜனவரியில் மெற்றா நிறுவனம் அமெரிக்காவில் வெளியார் உண்மை சரிபார்ப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. எங்களைக் காப்பாற்ற அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

சட்டமும் அப்படித்தான். 2016இல் இங்கிலாந்தின் வில்ற்ஷயரில், உடம்பில் அடித்துக் குணமாக்கும் பட்டறை ஒன்றில் கலந்துகொண்ட 71 வயதுப் பெண் இன்சுலினை நிறுத்தி இறந்துபோனார். அதை நடத்திய ஹொங்சி சியாவோவுக்கு 10 வருடச் சிறை கிடைத்தது 2024 டிசம்பரில். எட்டு வருடம் எடுத்தாலும் சட்டம் அவரைப் பிடித்தது. எப்படி? அவர் அந்தக் கட்டடத்தில் இருந்தார், அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்தார், வாந்தி எடுத்ததைக் கண்டும் உதவி அழைக்கவில்லை. இனி, சென்னையில் ஓர் அறையில் இருந்து பேசுகிறவரின் காணொளியைப் பார்த்து ஒஸ்லோவில் ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் எந்த நாட்டுப் பொலிஸ், எந்த நீதிமன்றம்? 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியை வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று இறந்தார். யூரியூப் பார்த்துப் பிரசவம் பார்த்ததாக அப்போது செய்திகள் வந்தன. கணவர் கைதானார். வீட்டுப் பிரசவப் பயிற்சி விளம்பரம் செய்த ஒருவரும் கோவையில் கைதானார். அதுவும் எல்லாம் ஒரே மாநிலத்துக்குள் நடந்ததால்தான்.

இளையவர்களுக்கும் ஒரு சொல். பெற்றோரைப் பார்த்துச் சிரிக்கும் நீங்கள் உங்கள் கைபேசியையும் கொஞ்சம் பாருங்கள். ஏடிஎச்டி பற்றி ரிக்ரொக்கில் மிகப் பிரபலமான 100 காணொளிகளைக் கனடிய ஆய்வாளர்கள் பரிசோதித்து 2022இல் வெளியிட்டார்கள். அவற்றில் 52 பிழையான வழிகாட்டல் கொண்டவை. ஆங்கிலத்தில், நல்ல வெளிச்சத்தில், உங்கள் வயதுக்காரர் சொன்னதால் நீங்கள் நம்பினீர்கள். அம்மா தமிழில், வெள்ளைக் கோட்டோடு, தன் வயதுக்காரர் சொன்னதால் நம்பினார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது புரிந்தால் அம்மாவோடு பேசும் தொனியே மாறிவிடும். "இது பொய்" என்று கைபேசியைப் பறிப்பதற்குப் பதிலாகக் கூட இருந்து அந்தக் காணொளியை முழுக்கப் பாருங்கள். எந்த வருத்தத்துக்காகப் பார்க்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் வைத்தியரிடம் சொல்லாமல் விட்ட ஒரு நோவு அங்கே ஒளிந்திருக்கும்: கால் எரிவு, நித்திரையின்மை, குளிசை குடித்தால் வரும் வயிற்றுப்போக்கு. மெற்ஃபோர்மின் பலருக்கு வயிற்றைக் குழப்பும். அதற்கு மெதுவாகக் கரையும் வேறு வகைக் குளிசை இருக்கிறது. அதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பாதிப்பேர் குளிசையை நிறுத்தத் தேடிப்போயிருக்கவே மாட்டார்கள்.

வீட்டில் இருக்கும் பொடி, கப்சூல், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பார்மசிக்குக் கொண்டுபோங்கள். மருந்தாளர் குளிசைப் பட்டியலோடு சேர்த்துப் பார்த்து எது எதோடு மோதும் என்று சொல்வார். இதற்குப் பெரும்பாலும் முன்பதிவுகூடத் தேவையில்லை. வைத்தியரிடம் போகும்போது பேரனை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிரித்தானியாவில் என்எச்எஸ் குடும்ப வைத்தியரிடம் இது இலவசம். முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் அதிகம்.

ஆனால் இவை எல்லாம் வீட்டளவில் செய்கிற தற்காப்பு. உண்மையான வெற்றிடம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை நிரப்பக்கூடியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் தமிழ் வைத்தியர்கள், தாதியர், மருந்தாளர், உணவியலாளர் எத்தனை பேர்! வீட்டுக்கு வீடு ஒருவர் என்று பெருமை பேசுகிறோம். அவர்களில் தமிழில் பொதுமக்களுக்குப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. பொதுவெளியில் சொன்னதை வைத்து யாராவது முறைப்பாடு செய்தால் உரிமத்துக்கே ஆபத்து என்ற பயம் நியாயமானது. பொய் சொல்கிறவருக்கு இழக்க ஒன்றுமில்லை, உண்மை சொல்கிறவருக்கு முழுத் தொழிலும் இருக்கிறது. கேரளத்து ஈரல் வைத்தியர் சிரியாக் அபி பிலிப்ஸ் மூலிகைத் தயாரிப்புகளைக் கேள்வி கேட்டதற்காக, 2023இல் ஒரு நிறுவனம் வழக்குப் போட்டு அவருடைய எக்ஸ் கணக்கையே சில நாட்கள் முடக்க வைத்தது. தமிழ் சரளமாக வராது என்பது இரண்டாம் தலைமுறை வைத்தியர்களின் இன்னொரு கூச்சம். உடைந்த தமிழில் உண்மையைச் சொன்னால் சனம் கேட்கும். பேத்தி தட்டுத்தடுமாறிப் பேசினால் அம்மம்மா ரசித்துக் கேட்பதில்லையா?

அவர்கள் சொல்ல வேண்டியவை வேறு யாரும் சொல்லாதவை. தென்னாசியர்களுக்குச் சீனி வருத்தம் குறைந்த எடையிலேயே வந்துவிடும். அதனால் பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டல் பிஎம்ஐ 25ஐ அல்ல, 23ஐயே நமக்கு எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறது. வெள்ளைக்காரருக்காகச் செய்த ஆங்கிலக் காணொளி இதைச் சொல்லாது. ஒரு கோப்பை சோற்றுக்குப் பதிலாக எத்தனை இடியப்பம், தேங்காய்ச் சம்பலை விட வேண்டுமா வேண்டாமா, விரதத்துக்கு இன்சுலினை எப்படி மாற்றுவது, கோயில் திருவிழா வெயிலில் காவடி எடுக்கும் பிரஷர்க்காரர் எதைக் கவனிக்க வேண்டும் — இவற்றுக்கெல்லாம் தமிழில், பெயரும் பதிவு இலக்கமும் தெரியும் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் போதும். முன்பு தமிழ் வானொலிகளில் வைத்தியர் வந்து நேயர் கேள்விக்குப் பதில் சொல்வார். ஆட்கள் வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்பார்கள். ஒரு நேயர் "டொக்டர், நான் குளிசையை நிப்பாட்டிப் போட்டன்" என்று சொன்னால், கேட்டுக்கொண்டிருந்த நூறு பேருக்கும் சேர்த்துத்தான் பதில் போனது. அதைக் காணொளியில் செய்ய எந்தத் தமிழ் வைத்தியர் சங்கத்துக்கும் பெரிய காசு தேவையில்லை. ஆளுக்கு மாதம் ஒரு மணிநேரம் போதும். தனியாள் பெயரில் பேசப் பயப்படுகிறவர் சங்கத்தின் பெயரில் பேசலாம், இரண்டு பேர் முதலில் சரிபார்த்துவிட்டுப் போடலாம்.

கடைசியாக, தமிழ் ஊடகங்கள். வானொலிகள், தொலைக்காட்சிகள், இணையத் தளங்கள் எல்லாமே விளம்பரத்தில்தான் உயிர் வாழ்கின்றன, அது தெரியாதவர் இல்லை. ஆனால் "நிரந்தரத் தீர்வு" என்று கத்தும் எண்ணெய் விளம்பரத்தைச் செய்தி மாதிரி வேடம் போட்டு ஓடவிடுவதும், "இந்த ஒரு பழம் போதும்" என்று தலைப்புப் போட்டுக் கிளிக் வாங்குவதும் அதே காணொளிக் கடையின் கிளைதான். நாடுகடந்து இயங்கும் தமிழ் ஊடகங்கள் ஒன்றுகூடி ஒரு சின்ன விதியாவது வைக்கலாம்: நோயைத் தீர்க்கும் என்று சொல்லும் விளம்பரத்துக்கு, அதை விற்கிறவரின் வைத்தியப் பதிவு இலக்கத்தையும், அந்தப் பொருளை அந்த நாட்டில் விற்க அனுமதித்த கடிதத்தையும் காட்டினால் மட்டுமே இடம். காசு எண்ணுவதற்கு முதல் அதைக் கேளுங்கள். கேட்டவுடன் எத்தனை பேர் தொலைபேசியை வைக்கிறார்கள் என்று பாருங்கள்.